கரையேறும் கணக்கு

சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா இது, ஏரோப்ளேன் படம் போட்டிருக்கு? ஃபாரின் கீரின் போறியா?"

"இல்ல சித்தப்பா. பிளேன்ல ஏறக் கூடாதுன்னு சொல்லுது."

"யாரு?"

"இந்த வாட்ச்தான்."

"நம்ம வீட்ல எவன் பிளேன் ஏறப் போறான்னு அதுக்கு யாரும் சொல்லலியா" என்றபடி நாடாவை எறிந்தார். முழங்காலுக்குக் கீழே அவர் கால்கள் தறிக்குழிக்குள் மிதிபலகையில் இருந்தன. தறியில் அரக்கு உடல், பச்சைக் கரை. வலப்பக்கம் கரை நாடாவோடு சித்தி உட்கார்ந்திருந்தார். பிள்ளையார்பாளையத்தில் அந்த நேரத்துக்கு எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டுவிடுவார்கள். தெருவே ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருக்கும்.

அன்று காலை நான் புதுச்சேரிக் கடலில் இரண்டு முறை இறங்கியிருந்தேன். முதல் முழுக்கு 18 மீட்டர், இரண்டாவதில் ஆழம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பிறகு திண்டிவனம், வந்தவாசி என்று பஸ் மாறி சாயங்காலம் ஊருக்கு வந்தாயிற்று. படகைவிட்டு இறங்கி ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடிகாரத்தின் கணக்கில் மட்டும் நான் இன்னும் கரையேறவில்லை. கடலடியில் ரத்தத்திலும் சதையிலும் கரைந்த நைட்ரஜன் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது, அது முடியும்வரை காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போகாதே என்கிறது. விமானம் என்று படம் போட்டிருந்தாலும் விஷயம் உயரம்தான். அன்றிரவே கிளம்பி 1,515 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏற்காட்டுக்கு ஏறினாலும் அதே வம்பு. பல முழுக்குகளுக்குப் பிறகு 18 மணி நேரமாவது தரையில் இரு என்பது முக்குளிப்பவர்களின் பொது விதி. என் கடிகாரம் 24 மணி நேரம் கேட்கிற சாதி.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அபத்தம்தான். எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு காலத்தில் கடல் இருந்தது. கோவளம், மாமல்லபுரம் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டம் என்றுதான் முகவரி எழுதினோம். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. கடலும் அவர்களோடு போனது. எங்களுக்கு மிஞ்சியவை பாலாறு, வேகவதி, ஏரிகள், கோயில் குளங்கள். அதே ஆண்டில்தான் அந்தக் குளங்களில் ஒன்றின் அடியிலிருந்து ஒருவர் மேலே வந்தார். அவரைப் பற்றிப் பிறகு.

சித்தப்பாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன். கோலி சோடாவில் கோலியைத் தட்டும்வரை உள்ளே இருப்பது வெறும் தண்ணீராகத்தான் தெரியும். வாயு கரைந்து கிடக்கிறது. அழுத்தம் அதை அடக்கி வைத்திருக்கிறது. தட்டியதும் புஸ்ஸென்று பொங்குகிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 18 மீட்டரில் தரையில் இருப்பதைப்போல 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சு வாங்கும்போது, காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கிற நைட்ரஜன் உடம்பில் கரையத் தொடங்குகிறது. உடம்புக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அழைக்காமல் வந்த விருந்தாளி. மெல்ல மேலே வந்தால் வந்த வழியே, நுரையீரல் வழியே, போய்விடும். விறுவிறுவென்று வந்தால் உள்ளேயே குமிழியாகும். மூட்டில் குமிழி கட்டினால் வலி. முதுகுத்தண்டில் கட்டினால் கால் விழுந்துவிடும். இதற்கு பெண்ட்ஸ் என்று பெயர் வந்தது கடலில் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பாலங்களுக்கு ஆற்றடியில் அஸ்திவாரம் போட்ட கூலியாட்கள், அழுத்தக் காற்று அடைத்த பெட்டிகளுக்குள் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து வலியில் கூனி நடந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங்கையும் அது முடக்கிப்போட்டது.

சோடா பாட்டில் உவமை பாதி தூரம்தான் வரும். பாட்டில் ஒன்று, உடம்பு ஒன்றல்ல. மீதி தூரத்துக்கு எங்கள் ஊர்க் குடலை இட்லியைத்தான் கூப்பிட வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம் அது. நீள மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகு சீரகம் சுக்கு போட்ட மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வைப்பார்கள். ஓரம் சீக்கிரம் வெந்துவிடும். நடு வேகத்தான் அத்தனை நேரமும். இறக்கி வைத்த பிறகு ஓரம் சீக்கிரம் ஆறிப்போகும். ஆறிவிட்டது என்று நம்பி நடுவில் விரலை வைத்தவனுக்குத் தெரியும். ரத்தம் நிறையப் பாயும் இடங்கள் வாயுவைச் சட்டென்று வாங்கிச் சட்டென்று விட்டுவிடுகின்றன. ரத்தம் குறைந்த இடங்கள் மெல்ல வாங்கி மெல்லத்தான் விடுகின்றன. நீர்மட்டத்துக்கு வந்து முகமூடியைக் கழற்றிச் சிரிக்கும்போது ஓரம் ஆறியிருக்கும். நடு சுடும்.

இதை முதலில் கணக்காக எழுதியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் அடைத்து, வெளியே விட்டு, எந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தார். கால் தூக்கினால் மூட்டுவலி என்று அர்த்தம். பாய்காட், டேமன்ட் இருவரோடும் சேர்ந்து 1908இல் அவர் வெளியிட்ட கட்டுரை உடம்பை ஐந்து கற்பனைப் பாகங்களாகப் பிரிக்கிறது. முதல் பாகம் 5 நிமிடத்தில் பாதி நிரம்பும், கடைசிப் பாகத்துக்கு 75 நிமிடம் வேண்டும். அழுத்தம் பாதியாகும்வரை தைரியமாக ஏறு, அங்கே நில், பிறகு படிப்படியாக ஏறு. இன்றைய எல்லாக் கடிகாரங்களுக்கும் பூட்டன் அந்தக் கட்டுரைதான்.

1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் இதற்கான சோதனை நடந்தபோது ஹால்டேன் தன் 13 வயது மகனையும் முக்குளி உடை மாட்டி இறக்கிவிட்டார். உடை பையனுக்குப் பெரியது. உள்ளே தண்ணீர் புகுந்தது. பிழைத்து வந்த அந்தப் பையன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். பெரிய மரபியல் அறிஞராகி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கி ஆட்களுக்காகத் தன்னையே அழுத்த அறையில் அடைத்துக்கொண்டு செவிப்பறையைக் கிழித்துக்கொண்டவர். 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்தார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், பிறகு புவனேஸ்வர். இந்தியக் குடிமகனாகவே 1964 டிசம்பர் 1 அன்று இறந்தார். உடம்பைக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். ஆட்டுக்குப் பதில் தன்னைக் கட்டிப்போட்ட மனிதர். கடைசியிலும் அதையே செய்தார். கட்டுரைக்கு இந்தச் செய்தி அவசியமில்லைதான். விட மனசு வரவில்லை.

ஹால்டேனின் ஐந்தைப் பதினாறாக்கியவர் சூரிச் நகர மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன். மிக வேகமான பாகத்துக்குப் பாதி நிரம்ப 4 நிமிடம், மிக மந்தமான பாகத்துக்கு 635 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரத்துக்கும் மேல். இன்றைய கடிகாரங்கள் பலவற்றிலும் ஓடுவது அவர் கணக்கு. பதினாறில் எது ஈரல், எது குருத்தெலும்பு என்று கேட்டால் பதில் கிடையாது. பதினாறும் கணக்குக்காகச் செய்துவைத்த கொலு பொம்மைகள். கடிகாரத்துக்கு உண்மையில் தெரிவது இரண்டே இரண்டு: எத்தனை ஆழம், எத்தனை நேரம். உங்கள் ரத்தத்தில் அது விரலை வைத்துப் பார்ப்பதில்லை. நீங்கள் கடலில் நீந்தும்போது அது தனக்குள் ஒரு பொம்மை ஆளை நீந்தவிட்டு, அந்த ஆளுக்கு எப்போது ஆபத்து என்று உங்களுக்குச் சொல்கிறது.

போன வருஷம் இது எனக்கு உறைத்தது. அப்போது சொந்தக் கடிகாரம் இல்லை. இறங்கிய இடத்தில் வாடகைக்கு ஒன்று கொடுத்தார்கள். முன்பு எடுத்துப் போன யாரோ அதன் பாதுகாப்பு அளவைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. எனக்குப் பார்க்கத் தெரியாது. இரண்டாவது முழுக்கில், மீன் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் வெள்ளித் தகடாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, வழிகாட்டிப் பையன் தன் கடிகாரத்தைத் தட்டி மூன்று விரல் காட்டினான். இன்னும் மூன்று நிமிடம்தான், அதற்கு மேல் இருந்தால் நேராக மேலே போக முடியாது, வழியில் கட்டாயமாக நின்று நின்றுதான் போக வேண்டும். நான் என்னுடையதைக் காட்டினேன். பதினான்கு. அவன் என் மணிக்கட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், கட்டைவிரலை மேலே தூக்கினான். நிலத்தில் அதற்கு 'பிரமாதம்' என்று பொருள். நீருக்குள் 'ஏறு'.

5 மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நிற்பது எல்லோரும் செய்கிற வழக்கம். அன்று அவன் ஐந்து நிமிடம் நிறுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி மட்டும் இடது தோளில் ஒரு குடைச்சல். குமிழியா, சிலிண்டரைத் தூக்கிய பிடிப்பா? விடியவிடியத் தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. இந்த நோயின் முதல் அறிகுறியே 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வதுதான் என்று முக்குளிப்பவர்கள் சொல்வார்கள். அந்த அறிகுறி எனக்குப் பூரணமாக இருந்தது. காலையில் வலி போய்விட்டது.

கதையைக் கேட்டுவிட்டு சித்தப்பா நாடாவை மடியில் வைத்தார். "ஒரே கடலு, ஒரே ஆழம். ரெண்டு வாட்ச்சு ரெண்டு சொல்லுது. எதுடா நெஜம்?"

அந்தப் பதினாறு பொம்மைக்கும் ஒவ்வோர் ஆழத்திலும் ஓர் உச்சவரம்பு உண்டு, இதற்கு மேல் வாயு உள்ளே நெருக்கக் கூடாது என்று. அமெரிக்கக் கடற்படையின் ராபர்ட் வொர்க்மன் 1965இல் அந்த வரம்புகளை ஒழுங்குபடுத்தி எழுதினார். சுற்றியிருக்கும் நீரின் அழுத்தம் ஒரு கோடு, உச்சவரம்பு இன்னொரு கோடு. முதல் கோட்டைத் தாண்டினால் வாயு வேகமாக வெளியேறும். இரண்டாவதைத் தாண்டினால் ஆபத்து. நடுவிலிருக்கும் சந்தில்தான் நாம் மேலே வர வேண்டும். அந்தச் சந்தில் எத்தனை சதவீதம் வரை போகலாம் என்பதை அவரவரே முடிவு செய்யட்டும் என்று எரிக் பேக்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1990களில் ஒரு வழி சொன்னார். கிரேடியன்ட் ஃபேக்டர் என்கிறார்கள். இரண்டு எண்களாக எழுதுவார்கள்: 40/85. முதல் எண், வழியில் முதன்முதலாக எந்த ஆழத்தில் நிற்பது என்பதைத் தீர்மானிக்கும். இரண்டாவது, தலையை வெளியே நீட்டும்போது வரம்பில் எத்தனை சதவீதத்தோடு வரலாம் என்பதை. 100/100 என்றால் பூல்மன் போட்ட கோட்டை மூக்கால் தொட்டுக்கொண்டு வருகிறோம். சில கடிகாரங்களில் குறைந்த பாதுகாப்பு 45/95, நடுத்தரம் 40/85, அதிகம் 35/75. இன்னும் சில கம்பெனிகள் எண்ணையே காட்டாமல் பி-0, பி-1, பி-2 என்று மட்டும் போடும். சேதாரம் எத்தனை சதவீதம் என்று சொல்லாமல் மொத்த விலையை மட்டும் சொல்கிற நகைக்கடை மாதிரி. எனக்கு அது பிடிப்பதில்லை.

வழியில் கட்டாய நிறுத்தம் இல்லாத சாதாரண முழுக்கில் முதல் எண்ணுக்கு வேலையே கிடையாது. இரண்டாவது எண்தான் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்பதைச் சொல்கிறது. ஆனாலும் படகில் உட்கார்ந்து பெருமையடிப்பது முதல் எண்ணை வைத்துத்தான். "நான் 20 வைத்திருக்கிறேன்" என்பார் ஒருவர், விரதம் இருப்பவர் குரலில். ஒரு காலத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. ஆழத்திலேயே முதல் நிறுத்தத்தைப் போட்டுவிட்டால் குமிழி முளையிலேயே கிள்ளப்படும் என்று நம்பினார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வுப் பிரிவு அதைத் தொட்டியில் மனிதர்களை இறக்கிச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டது. ஆழத்தில் நின்றவர்களில் 198 முழுக்குக்கு 11 பேருக்கு நோய். மேலே வந்து நின்றவர்களில் 192க்கு 3. மொத்த நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். குடலை இட்லியை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். ஓரம் ஆறட்டும் என்று அடுப்பை அணைக்காமல் மூடியை மட்டும் பாதி திறந்துவைத்தால், நடு இன்னும் வெந்துகொண்டுதான் இருக்கும். ஆழத்தில் நிற்கும்போது மந்தமான பாகங்கள் நைட்ரஜனை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஜாக்கிரதை என்ற பெயரில் செய்தது ஆபத்தைக் கூட்டியிருக்கிறது. கடிகாரத்தில் சின்ன எண்ணை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.

"அப்ப ரெண்டும் நெஜம் இல்ல" என்றார் சித்தப்பா.

இரண்டும் ஒரே கணக்கைத்தான் போட்டன. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வேறுபட்டன. அந்த விட்டுக்கொடுப்பு கடலைப் பற்றியது அல்ல என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. எனக்கு 46 வயது. முந்தின ராத்திரி பஸ்ஸில் சரியாகத் தூங்கவில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தேன், படகில் கழிப்பறை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக. நீரோட்டத்தை எதிர்த்துக் காலை உதைத்ததில் மூச்சு வாங்கியது. நாலு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே கருவில் இருந்த துளை முழுதாக மூடாமல் இருக்கும். அதன் வழியாகக் குமிழி நுரையீரலைத் தாண்டி நேராகத் தமனிக்குள் நுழையலாம். எனக்கு இருக்கிறதா, பார்த்ததில்லை. இத்தனையையும் கடிகாரம் அறியாது. 85 என்பது 'மீதி 15 உன்னைப் பற்றி எனக்குத் தெரியாததற்கு' என்று கையை விரிப்பது. 100க்கு இந்தப் பக்கம் ஆரோக்கியம், அந்தப் பக்கம் நோய் என்று அறுத்துவைத்த கோடும் கிடையாது. சரிவான நிலத்தில் யாரோ ஓர் இடத்தில் கல்லை நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கல்லுக்கு இந்தப் பக்கமும் சறுக்கி விழுந்தவர்கள் உண்டு.

சித்தப்பா இதை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பாவு ஓட்டுகிறவருக்கு இது புதிதல்ல. ஒரு பாவில் மூன்று சேலை என்றால் மூன்று சேலை நீளத்துக்கு மட்டும் இழை நீட்டுவதில்லை. ஊடை மேலும் கீழும் போகும்போது பாவு இழை வளைந்து நீளத்தில் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் அச்சுக்குப் பின்னால் நெய்யவே முடியாத துண்டு ஒன்று நின்றுவிடும். கூடவே விட வேண்டும். எவ்வளவு கூட?

"பட்டு எப்பிடி, மழைநாளா வெயில்நாளா, நெய்யறவன் கை எறுக்கமா தளர்வா. அதைப் பார்த்து விடணும்" என்றார். "கம்மியா விட்டா மூணாவது சேலை முந்தியில மாட்டிக்குவ. அதிகமா விட்டா மொதலாளிகிட்ட மாட்டிக்குவ."

இனி, குளத்தடியில் இருந்தவர். வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் குளம், அதற்குள் நீராழி மண்டபம், அதற்கு அடியில் அத்தி மரத்தால் ஆன வரதர். 40 ஆண்டுக்கு ஒருமுறைதான் தண்ணீரை இறைத்து வெளியே எடுப்பார்கள். 1939, 1979, 2019. 1979இல் அம்மா பார்த்தபோது நான் வயிற்றில். 2019இல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். கட்டை கட்டிப் பட்டி பட்டியாக நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார்கள். ஏழு மணி நேரம் நின்று சில நொடி பார்த்தோம். ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனக் காலம். முதல் 31 நாள் வசந்த மண்டபத்தில் படுத்த கோலம். ஆகஸ்ட் பிறந்த பிறகுதான் நின்ற கோலம். அம்மாவுக்குப் படுத்திருந்தவரைத்தான் பார்க்க வாய்த்தது. "நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள கெடந்தவரு, எடுத்ததும் நிப்பாரா?" என்று அம்மா என்னைச் சமாதானப்படுத்தினார். ஆகஸ்ட் 17 இரவு மறுபடி உள்ளே போனார். அடுத்தது 2059.

நம் முன்னோருக்கு டிகம்ப்ரஷன், அதாவது அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும் வித்தை, தெரிந்திருந்தது என்று இதை வைத்து வாட்ஸப்பில் யாராவது கிளப்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: இல்லை. படுத்து, பிறகு நிற்பதற்குக் கோயில் சொல்லும் காரணங்கள் வேறு. ஆனால் நெடுங்காலம் நீரில் ஊறிய மரம் நிஜமாகவே அவசரத்தைப் பொறுக்காது. 1628இல் மூழ்கிய வாசா என்ற சுவீடன் நாட்டுப் போர்க்கப்பலை 1961இல் தூக்கினார்கள். காயவிட்டால் வெடித்துப்போகும் என்று மெழுகு போன்ற ஒரு ரசாயனத்தை நீரில் கலந்து 17 ஆண்டுகள் அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா சொன்னது மரத்தின் பௌதிகத்தைப் பற்றி அல்ல. பல நாள் படுத்துக் கிடந்து எழுந்தவர்களைக் கவனித்துக்கொண்ட பழக்கம் பேசியது. மரபையும் எனக்கு அந்த வாடகைக் கடிகாரம் மாதிரிப் பார்க்கத் தோன்றுகிறது. முன்பு வைத்திருந்த யாரோ ஓர் அளவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இறுக்கமாக வைத்திருக்கலாம், தளர்வாக வைத்திருக்கலாம். பட்டனை அழுத்திப் பார்க்காமல் கட்டிக்கொண்டு இறங்குவதுதான் தப்பு.

நீருக்கடியில் கிடந்தவர் வரதர் மட்டுமல்ல. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே, கரையிலிருந்து சில நூறு மீட்டரில், 2002 ஏப்ரலில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்துக் குழு ஒன்றும் முக்குளித்துப் பார்த்தார்கள். சுவர்ப் பகுதிகள், சிதறிய செதுக்குக் கற்கள் என்று அவர்கள் கண்டவை கிடப்பது 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில். அந்த எண்ணைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆழத்திலிருந்து வருகிறவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அதே 5 மீட்டர். அங்கே நாளெல்லாம் கல்லைத் தடவிக்கொண்டிருந்தாலும் நைட்ரஜன் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் அங்கிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். அதற்கு எந்தக் கடிகாரத்திலும் செட்டிங் இல்லை.

இத்தனையும் பொழுதுபோக்குக்குக் கடலில் இறங்குகிறவன் கவலை. மன்னார் வளைகுடாவில் நூற்றாண்டுகளாகக் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கி முத்துக்குளித்தவர்கள் இருந்தார்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961. ஒரு மூச்சில் கொண்டுபோன காற்று அவ்வளவுதான் என்பதால் நைட்ரஜன் அவர்களை அதிகம் தொட்டதில்லை. சங்கு குளிப்பவர்கள் சிலிண்டருக்கும் கம்ப்ரசர் குழாய்க்கும் மாறிய பிறகுதான் ஆழமும் நேரமும் கூடின. மூட்டுவலியும் முடமும் சேர்ந்து வந்தன. இலங்கையில் கடல் அட்டைக்கு இறங்குகிறவர்களுக்கும் இதே கதை. சங்கு எண்ணிக்கைக்குக் கூலி. அங்கே போய் 35/75 வை என்று சொன்னால், நாளுக்கு எத்தனை சங்கை விட்டுவிட்டு வரச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். நான் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் ஒரு மீன் கூட்டத்தைப் பார்க்காமல் வருவேன். அவர் விட்டுக்கொடுத்தால் அரிசி குறையும். எங்கள் பெருமாள் சந்நிதியில் ஊதுகிற சங்கை எந்தக் கடலில் யார் குளித்து எடுத்தார்கள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

இதைச் சொன்னபோது சித்தி முதன்முறையாக வாயைத் திறந்தார். "உங்க சித்தப்பாவும் நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டறாரா? சேலைக்குத்தானே கூலி." ஐப்பசி கார்த்திகையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். இறைத்துவிட்டு ஈரத்திலேயே காலை வைத்து நெய்வார்கள். சித்தப்பாவின் இடது முழங்கால் அதில்தான் போனது என்பது சித்தியின் கட்சி. வயசில் போனது என்பது சித்தப்பாவின் கட்சி. குமிழியா பிடிப்பா என்று நான் தோளைச் சுழற்றிய ராத்திரி ஞாபகம் வந்தது. கோர்வைக்குச் சித்தியின் நாடா வர வேண்டும். பேச்சில் கை நின்றுவிட்டது. சித்தப்பா அச்சுப் பலகையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சித்தி எறிந்தார். அரக்கும் பச்சையும் கோத்துக்கொண்டன.

நான் அன்று இரவு அங்கேயே படுத்தேன். மறுநாள் மத்தியானம் வரை கடிகாரத்தில் விமானம் நின்றது. சாப்பிட்டுக் கை கழுவும்போது பார்த்தேன், காணோம். 635 நிமிடக்காரப் பொம்மை இன்னும் கொஞ்சம் சூடாகத்தான் இருப்பான், முழுதாக ஆற இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும்; ஆனால் படத்தை எடுக்கும் அளவுக்கு ஆறிவிட்டது என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. அடுத்த முழுக்குக்காகப் பட்டனை அழுத்தி நடுத்தரத்திலிருந்து அதிகத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

குழிக்குள்ளிருந்து சித்தப்பா கேட்டார்: "என்ன, ஏரோப்ளேன் போயிடுச்சா?"

"போயிடுச்சு சித்தப்பா."

"அது சொல்லுது. நீ என்ன சொல்ற?"

இடது தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தேன்.